ஏலப் பிரதி

அந்த அறைக்குள் என்னை இருத்திக் கதவைச் சாத்தியபோது எனக்கு முதலில் வந்தது கோபம்தான்.

சின்ன அறை. நாலு சுவரிலும் முட்டைத் தட்டுகள் ஒட்டியிருந்தன. கடைக்கு முட்டை அடுக்கி வருமே, அதே சாம்பல் நிற மட்டைத் தட்டுகள். மேலே ஒரு ஃபான் தொங்கியது. ஆனால் அதைப் போடக்கூடாது என்று உத்தரவு. பங்குனி வெயில் வேறு. மேசையில் ஒரு ஒலிவாங்கி, ஒரு போத்தல் தண்ணீர், தலையணைத் தடிப்பில் ஒரு வரலாற்றுப் புத்தகம். கண்ணாடிச் சதுரத்துக்கு அந்தப் பக்கம் நூலகர் பத்மா மிஸ் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கணினிக்கு முன்னால் இருந்தார்.

"கிறகோரி அண்ணை, சிவப்பு லைற் எரிஞ்ச உடனை வாசியுங்கோ. கத்தத் தேவையில்லை. உங்களுக்கு முன்னாலை ஒருத்தரும் இல்லை."

அதுதானே பிரச்சினை! ஒருவரும் முன்னால் இல்லாமல் நான் என் சீவியத்தில் வாய் திறந்ததில்லை.

சிவப்பு விளக்கு எரிந்தது. நெற்றியிலிருந்து வியர்வை ஒரு சொட்டுப் புத்தகத்தில் விழுந்தது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினேன்.

"யாழ்ப்பாணத்துத் துறைகளிலிருந்து யானைகள் கப்பலில் ஏற்றப்பட்டன... ஏற்றப்பட்டன... ஏற்றப்பட்டன..."

பத்மா மிஸ் தலையைத் தூக்கினார்.

"அண்ணை, ஏன் மூண்டுதரம் சொல்லிறியள்?"

"எங்கை மூண்டுதரம் சொன்னனான்?"

அவர் கணினியில் எதையோ அழுத்தினார். என்னுடைய குரலே எனக்குத் திரும்பி வந்தது. யானைகள் மூன்றுதரம் ஏறின.

மாதாவே! எனக்கு அது தெரியவே தெரியாது.

வாயை மூடினால் விலை விழும்

இந்தத் தொடரை இந்த வாரம்தான் முதலில் பார்க்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். நான் குருநகர்க்காரன். கடலுக்குப் போனவன் இல்லை, கடல் தந்ததைக் கூறி விற்றவன். மீன் சந்தையில் ஏலம் கூறுவதுதான் என் தொழில். அறக்குளா, பாரை, விளைமீன், கணவாய், நண்டு, எல்லாம் என் வாயால் விலை ஏறித்தான் யாழ்ப்பாணத்துச் சட்டிகளுக்குப் போயின. பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினையுங்கள். பெருமைதான்.

ஏலத்தில் ஒரு விசயம் இருக்கிறது. ஒருவன் ஒரு விலையைக் கேட்டுவிட்டான் என்றால், அடுத்தவன் கூட்டிக் கேட்கும்வரை அந்த விலையை நான் விழாமல் வைத்திருக்க வேண்டும். "ஆயிரம்... ஆயிரம்... ஆயிரம்..." என்று சொல்லிக்கொண்டே கண்ணால் ஆட்களைத் துழாவ வேண்டும். ஒருவன் புருவத்தைத் தூக்குவான். ஒருவன் சாரத்தை மடித்துக் கட்டுவான். அது கேள்வி. உடனே "ஆயிரத்து நூறு!" நடுவில் ஒரு மூச்சு நேரம் சும்மா இருந்தாலும் சனம் அடுத்த மீன் கும்பிக்குப் போய்விடும்.

இப்படி முப்பது வருசத்துக்கு மேல் கூறிய வாய் யானையைக் கண்டால் மட்டும் ஒருதரத்தோடு நிற்குமா?

இந்த இடத்தில் சாவல் கதையைச் சொல்லாமல் போனால் எங்கள் பங்குச் சனம் என்னைத் திட்டும்.

ஒருமுறை எங்கள் மாதா கோயில் பெருநாளில், நேர்த்திக்கு வந்த ஒரு சாவலை ஏலம் கூறக் கொடுத்தார்கள். நல்ல சிவப்புச் சாவல், கொழுத்தது. நான் அதைக் கக்கத்தில் இறுக்கிக்கொண்டு விலையைத் தூக்கினேன். நான் விலை சொல்லி வாயெடுக்கிற ஒவ்வொரு தரமும் அது "கொக்கரக்கோ" என்றது. எனக்கும் பகிடி விட ஆசை வந்தது. "சாவலார் நூறு கூட்டிக் கேக்கிறார்!" என்று ஏற்றினேன். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. சிரிப்பில் யாரும் மேலே கேட்க மறந்துவிட்டார்கள். நான் பழக்கதோசத்தில் "ஒருதரம், ரெண்டுதரம், மூண்டுதரம்" என்று சொல்லி ஏலத்தை முடித்துவிட்டேன். பார்த்தால், கடைசி விலை சாவல் கேட்டதுதான்!

சுவாமியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அப்பிடியெண்டால் அது தன்னைத் தானே வாங்கீட்டுது, விடுங்கோ" என்றார். அந்தச் சாவல் கோயில் வளவில் கன காலம் ராசாவாகத் திரிந்தது. விடியப்புறம் அது கூவுகிற கூவலுக்குச் சுவாமியார் என்னைத்தான் ஏசுவார்.

சரி, நூலகத்துக்கு வருவோம்.

உஷ்

ஈரச் சீமெந்தில் நின்று நின்று என் முழங்கால்கள் இரண்டும் கெட்டுப்போக, தொழிலை மருமகனிடம் விட்டேன். வீட்டில் இருந்தேன். வீட்டில் இருந்தால் வாய் சும்மா இருக்குமா? தேத்தண்ணி கேட்டாலே பக்கத்து ஒழுங்கைக்குக் கேட்கும். ஒரு கிழமைதான். என் மனைவி ஜெசிந்தா கையெடுத்துக் கும்பிட்டாள்.

"இஞ்சாருங்கோ, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். எங்கையாவது போட்டு வாங்கோ. எனக்குக் காது இரையுது."

அப்படித்தான் பொது நூலகத்துக்குப் போகத் தொடங்கினேன். பேப்பர் இலவசம், ஃபான் இருக்கு, வெளியில் வேம்பு நிழல். எல்லாம் நல்லம். ஆனால் எனக்குப் பேப்பரை மனசுக்குள் வாசிக்கத் தெரியாது. வாய் தன்பாட்டில் வாசிக்கும். அதுவும் மெல்ல வாசிக்காது. மரண அறிவித்தல் பக்கத்தை நான் வாசித்தால், பக்கத்து மேசைக்காரர் "ஆர், எந்த இடம்?" என்று கேட்பார். அவருக்குச் சொல்ல, இன்னொருவர் "அவரை எனக்குத் தெரியுமே!" என்பார். பிறகென்ன, சந்தைதான்.

"உஷ்!"

அதுதான் பத்மா மிஸ். ஐம்பது வயசிருக்கும். பருத்திச் சேலையில் ஒரு மடிப்புக் கலையாது. அவருக்குக் கோபம் வந்தால் குரல் இன்னும் தணியும், அதுதான் பயம். அந்த மண்டபத்தில் சத்தம் போட உரிமை இருந்தது ஒரே ஒரு சாமானுக்கு மட்டும். அவருடைய மேசையில் இருந்த திகதி முத்திரை. புத்தகம் இரவல் கொடுக்கும்போது அதை மைப்பெட்டியில் தொட்டு "டொக்" என்று ஒரு குத்துக் குத்துவார். கணினி வந்த பிறகும் அவர் அந்தக் குத்தை விடவில்லை.

அவர் என்னை வெளியே போகச் சொல்லப் போகிறார் என்றுதான் நான் காத்திருந்தேன். திருப்பி என்ன சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். ஒருநாள் கிட்ட வந்தார்.

"அண்ணை, உங்களுக்குச் சத்தமா வாசிக்கத்தானே வேணும்?"

"ஓம், அதுக்கென்ன இப்ப?"

"வாங்கோ, ஒரு அறை இருக்கு. கதவைப் பூட்டிப்போட்டு எவ்வளவு வேணுமெண்டாலும் கத்துங்கோ."

அந்த முட்டைத் தட்டு அறைதான் அது. நூலகத்தின் இணையத்தளத்தில் அப்போது ஒரு புதுச் சேவை தொடங்கியிருந்தார்கள். கண் தெரியாதவர்களுக்கும் பார்வை மங்கிப்போனவர்களுக்கும் புத்தகங்களை யாராவது வாசித்துப் பதிவு செய்து ஏற்றுவது. நூலக அங்கத்துவ இலக்கம் இருந்தால் போதும், வீட்டில் இருந்தபடி போனில் கேட்கலாம். வாசிக்கத்தான் ஆள் இல்லை. வந்த இரண்டொரு பேரும் வெக்கையில் அரை மணித்தியாலத்தில் எழும்பி ஓடிவிட்டார்கள். ஃபானைப் போட்டால் அதன் இரைச்சலும் பதிவாகிவிடும்.

வெக்கை எனக்கென்ன புதிசா? நான் இருந்தேன்.

ஒன்று விளங்குகிறதா? அந்த மனுசி என்னை வாசிக்கக் கூப்பிட்டது என் குரலுக்காக இல்லை. தன் மண்டபத்தை அமைதியாக்க!

வெட்டு

தந்த புத்தகம் யாழ்ப்பாண வரலாறு. எழுதியவர் காலமாகிவிட்டார். பிள்ளைகள் அனுமதி கொடுத்திருந்தார்கள். கடையில் இப்போது வாங்க முடியாது. நூலகத்தில் இருந்த ஒரே பிரதியும் தொட்டால் உதிர்கிற நிலை.

நான் வாசித்தேன். போர்த்துக்கேயர் வந்தனர், வந்தனர், வந்தனர். கோட்டை கட்டப்பட்டது, பட்டது, பட்டது. பத்மா மிஸ் என்னைத் திருத்திப் பார்த்தார். "ஒருதரம்தான் அண்ணை, ஒருதரம்தான்" என்று ஒரு மட்டையில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டினார். அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் புத்தகத்தில் வரியை விட்டுவிடுவேன்.

கடைசியில், "நீங்கள் உங்கடை பாட்டிலை வாசியுங்கோ, மிச்சத்தை நான் வெட்டிறன்" என்றார். கணினியில் என் குரல் மீன் செதில் மாதிரித் திரையில் ஓடும். தேவையில்லாத இடங்களை எலியால் தெரிந்து தெரிந்து வெட்டுவார். நான் முழுப் பின்னேரமும் வாசித்தது வெட்டி முடியக் கொஞ்சமாகிவிடும். எனக்கு வயிறு எரியும்.

இப்போது இந்த வார இதழின் ஆசிரியரும் அதைத்தான் செய்கிறார். நான் எழுதிக் கொடுப்பதில் பாதிதான் உங்களுக்கு வருகிறது. என் தலையெழுத்து.

முதலாம் அத்தியாயத்தை ஏற்றிய அன்று குருநகர் முழுக்கச் சொன்னேன். மருமகன் சந்தையில் போனை உயர்த்திப் பிடித்துப் போட்டுக் காட்டினான். வியாபாரிகள் கேட்டுவிட்டு, "யானை என்ன விலைக்குப் போச்சுது அண்ணை?" என்று நக்கலடித்தார்கள். அப்போதுதான் தெரிந்தது, பத்மா மிஸ் அவசரத்தில் வெட்டாத பதிவை ஏற்றிவிட்டார். பார்த்துவிட்டு அவருக்கு அந்தரமாகிப் போனது. சரி, வந்தது வந்ததுதான், ஆறுதலாக மாற்றுவோம் என்று விட்டார். இரண்டாம் மூன்றாம் அத்தியாயங்கள் சுத்தமாக வெட்டி ஏறின.

அதன் பிறகுதான் அந்தத் தொலைபேசி வந்தது.

சுன்னாகத்திலிருந்து ஒரு முறைப்பாடு

நான் அப்போது பத்மா மிஸ்ஸின் மேசைக்குப் பக்கத்தில் நின்றேன். அவர் போனை எடுத்தார். அந்தப் பக்கக் குரல் எனக்கும் கேட்டது. அவ்வளவு கணீரென்ற பெண் குரல்.

"வணக்கம் மிஸ், நான் சுன்னாகத்திலையிருந்து கௌரி கதைக்கிறன். உங்கடை ஒலிப்புத்தகம் கேக்கிறனான். முதலாம் அத்தியாயம் வாசிச்ச ஆள் எங்கை?"

"ஏன், அவர்தானே மிச்சத்தையும் வாசிச்சிருக்கிறார்."

"சும்மா சொல்லாதேங்கோ. ரெண்டாவதிலை வாசிக்கிறது வேறை ஆரோ. உப்பிடி வாசிச்சால் எனக்கு நித்திரை வரும். எனக்கு அந்த விசரன்தான் வேணும்."

பத்மா மிஸ் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

விசயம் இதுதான். கௌரிக்குப் பிறவியிலிருந்தே கண் தெரியாது. முப்பத்தைந்து வயசளவில் இருக்கும். சுன்னாகத்தில் ஒரு அலுவலகத்தில் தொலைபேசி எடுக்கிற வேலை. ஆசிரியையாக வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதற்காக வேலை செய்துகொண்டே வெளிவாரியாகப் பட்டப் படிப்புப் படித்து, எல்லாப் பாடமும் சித்தியடைந்து, வரலாற்றில் மட்டும் இரண்டுமுறை தவறிவிட்டார். வாற சோதனைதான் கடைசி. அதோடு அவருடைய பதிவுக் காலம் முடிகிறது. அதிலும் தவறினால், சித்தியடைந்த பாடங்களும் சேர்ந்து போய்விடும். முதலாம் வருசத்திலிருந்து திரும்பவும் தொடங்க வேண்டும்.

"உங்கடை போன் புத்தகத்தை வாசிச்சுச் சொல்லாதே?" என்று கேட்டார் பத்மா மிஸ்.

"எழுத்தெண்டால் வாசிக்கும். உந்தப் பழைய புத்தகத்தைப் படம் பிடிச்சுத்தானே வச்சிருக்கினம். படத்தை அது வாசிக்காது, 'படம்' எண்டு மட்டும் சொல்லும். வீட்டிலை ஆரும் வாசிச்சுக் காட்டினால், ஆறுதலா, இழுத்து இழுத்து வாசிப்பினம். எனக்குப் பொறுமை இல்லை மிஸ். நான் எதையும் வேகம் கூட்டித்தான் கேக்கிறனான். அந்த மனுசன் வேகமாவும் வாசிக்கிறார், முக்கியமானதை மூண்டுதரமும் சொல்லிறார். வேலைக்கு நடக்கேக்கை, உடுப்புத் தோய்க்கேக்கை, காதிலை விழுந்தது விழுந்தபடி நிக்குது. யானை ஏத்தினது இனி நான் செத்தாலும் மறவாது."

எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன், கண் கலங்கிவிட்டது. அந்த முட்டைத் தட்டுகளுக்குள் இருந்து நான் யாருமில்லாத சந்தையில் கூறிக்கொண்டிருந்தேன் என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை. அந்தப் பக்கத்தில் ஒருத்தி நின்று கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள்.

பத்மா மிஸ்ஸுக்கு ஆனால் இது பெரிய சங்கடம். "புத்தகத்திலை இல்லாததை நூலகம் சேர்க்கக் கூடாது" என்றார். "எழுதினவர் ஒருக்காத்தான் எழுதியிருக்கிறார்."

"அப்ப அவர் ஒருக்கா எழுதினதை ஒருக்கா வாசிச்சு ஆர் பாஸ் பண்ணினது?" என்றார் கௌரி.

பத்மா மிஸ் ஒரு நாள் முழுக்க யோசித்தார். அடுத்த நாள் இணையத்தளத்தில் அதே புத்தகத்துக்குக் கீழே இரண்டு வரி இருந்தது. ஒன்று "சுத்தப் பிரதி". மற்றது "ஏலப் பிரதி". அந்தப் பெயரை வைத்தது பத்மா மிஸ்தான். பகிடி விடத் தெரியாத மனுசி என்று நான் அதுவரை நினைத்திருந்தேன்.

ஏலப் பிரதிக்குக் கொஞ்ச நாளில் நோர்வேயில் பஸ் ஓட்டுகிற ஒருவர் ரசிகரானார். பனிக்குள் நித்திரை வராமல் இருக்க அதைத்தான் போடுகிறாராம். அது வேறு கதை.

தொண்டையும் கொத்தமல்லியும்

சோதனைக்கு முன்னால் புத்தகத்தை முடிக்க வேண்டும். நான் காலையிலும் போய் இருந்தேன், பின்னேரமும் போய் இருந்தேன். கௌரி இரண்டு நாளைக்கு ஒருமுறை போன் எடுப்பார்.

"அண்ணை, அஞ்சாம் அத்தியாயம் எப்ப வரும்?"

"பிள்ளை, நான் மனுசன். மிசின் இல்லை."

"மிசின் எண்டால் நான் ஏன் உங்களைக் கேக்கிறன்? கெதியா வாசியுங்கோ."

என்னை இப்படி விரட்டினவர்கள் சந்தையிலும் இல்லை.

கடைசி இரண்டு அத்தியாயம் இருக்கும்போது தொண்டை கட்டிவிட்டது. காற்றுத்தான் வருகிறது. பத்மா மிஸ் தான் வாசிக்கிறேன் என்று ஒரு பக்கம் வாசித்து அனுப்பினார். கௌரி மரியாதையாகத்தான் சொன்னார்: "மிஸ்ஸின்ரை குரல் நல்ல குரல். நான் ரெண்டாம் வரியிலை நித்திரை."

ஜெசிந்தா கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் அவித்து அவித்துத் தந்தாள். "வீட்டிலை கத்தின காலத்திலை உந்தத் தொண்டை கட்டியிருக்கக் கூடாதே" என்று சொல்லிச் சொல்லித்தான் தந்தாள். மூன்றாம் நாள் கொஞ்சம் குரல் வந்தது. கரகரவென்று வாசித்து முடித்தேன். அந்த இரண்டு அத்தியாயத்தையும் கேட்டால் ஒல்லாந்தர் எல்லோருக்கும் தடிமன் பிடித்த மாதிரி இருக்கும்.

சோதனைக்கு முதல் நாள் பின்னேரம். நான் கதிரையில் சாய்ந்திருந்தேன். ஜெசிந்தா மீன் வெட்டிக்கொண்டே போனில் ஏலப் பிரதியைப் போட்டுக் கேட்டாள். அதுவரை அவள் ஒருநாளும் கேட்டதில்லை. திடீரென்று கத்தியை வைத்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள்.

"என்னப்பா, எங்கடை யாழ்ப்பாணத்தை இருபத்தஞ்சுக்குக் குடுத்திட்டியள்!"

"என்ன விசர்க் கதை கதைக்கிறாய்?"

"கேளுங்கோ."

கேட்டேன். என் குரல்தான். "போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஆண்டு ஆயிரத்து அறுநூற்றுப் பத்தொன்பது... பத்தொன்பது... இருபது... இருபத்தைந்து..."

போனை வாங்கித் திரும்பவும் போட்டுக் கேட்டேன், அதேதான். இலக்கத்தைக் கண்டதும் வாய் தன்பாட்டில் ஏற்றியிருக்கிறது! சுத்தப் பிரதியில் பத்மா மிஸ் வெட்டியிருப்பார். ஏலப் பிரதியில் அவர் கை வைக்கவே இல்லை. அதைத்தானே அந்தப் பிள்ளை இத்தனை நாளும் மனனம் செய்தது. நாளைக்கு அது போய், தனக்காக விடை எழுதுகிறவரிடம் இருபத்தைந்து என்று சொல்லிவிட்டால்? கடைசிச் சோதனை. என் வாயால் அதன் படிப்பு முழுக்கப் போய்விடுமே!

உடனே சுன்னாகத்துக்குப் போன் எடுத்தேன்.

"கௌரி! பிள்ளை! வருசம் பிழை! போர்த்துக்கேயர் பத்தொன்பது! பத்தொன்பது! பத்தொன்பது! அதோடை நில்லுங்கோ!"

அந்தப் பக்கத்தில் ஒரு சிரிப்பு.

"அண்ணை, நீங்கள் இப்பதான் உதைக் கண்டனீங்களே?"

"ஏன், உங்களுக்குத் தெரியுமே?"

"ரெண்டாம் நாளே விளங்கீட்டுது. நீங்கள் முதல் சொல்லிறது புத்தகத்தின்ரை விலை. பிறகு வாறதெல்லாம் உங்கடை ஏத்தம். ஒரு வருசத்தையே ஏத்தினனீங்கள்? எல்லாத்தையும்தான். ஒல்லாந்தர் கோட்டையைப் பிடிச்சது ஐம்பத்தெட்டு, அதை அறுபத்தஞ்சு மட்டும் கொண்டு போயிட்டியள். நல்ல விலை."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் நீங்கள் பயந்து பயந்து வாசிப்பியள். பிறகு நான் என்னத்தைக் கேக்கிறது? போய்ப் படுங்கோ அண்ணை. எனக்குப் படிக்கக் கிடக்கு."

போனை வைத்துவிட்டார். ஜெசிந்தா இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் எழும்பிப் போய், மிச்சம் இருந்த கொத்தமல்லித் தண்ணியை ஒரே மூச்சில் குடித்தேன்.

படம்

சோதனை முடிந்து கன நாள் முடிவு வரவில்லை. அதற்குள் நான் வேறு புத்தகம் தொடங்கிவிட்டேன். சமையல் புத்தகம். உப்பு தேவையான அளவு, அளவு, அளவு.

ஒருநாள் காலை பத்து மணியிருக்கும். மண்டபத்தில் நல்ல சனம். பேப்பர் வாசிக்கிறவர்கள், கணினி மேசைகளில் விண்ணப்பம் நிரப்புகிறவர்கள், சோதனைக்குப் படிக்கிற பிள்ளைகள். வாசலில் வெள்ளைத் தடியோடு ஒரு பெண் வந்து நின்றார். மெல்லிய உருவம், தோளில் பெரிய பை. நான் பத்மா மிஸ்ஸோடு நின்று, ஃபானைப் போட விடும்படி வழக்கம்போலச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்ணின் முகம் என் பக்கம் திரும்பியது.

"கிறகோரி அண்ணை! ஒலிவாங்கி இல்லாமலும் அதே சத்தம்தானே!"

அந்தக் கணீர்க் குரல். நான் இவ்வளவு நாளும் கௌரியைப் பெரிய, தடித்த மனுசியாக நினைத்து வைத்திருந்தேன்.

"எப்பிடி வந்தனீங்கள் பிள்ளை?"

"சுன்னாகத்திலை ரயிலேறி வந்தனான். முடிவு வந்திட்டுதாம், இணையத்திலை போட்டிருக்கினம். ஆனால் தாளைப் படம் பிடிச்சுப் போட்டிருக்கினம். என்ரை போன் 'படம், படம்' எண்டு சொல்லுது. அதை வாசிக்க நூலகத்துக்கு வந்தனான்."

"வீட்டிலை ஒருத்தரும் பாக்கேல்லையே?" என்றார் பத்மா மிஸ்.

"பாக்க விடேல்லை. இது அண்ணை வாசிக்க வேணும்."

பத்மா மிஸ் தன் மேசைக் கணினியில் அந்தப் பக்கத்தைத் திறந்தார். பொடி எழுத்தில் நீளத்துக்கு, சோதனை எழுதினவர்களின் சுட்டிலக்கங்கள். தாள் கொஞ்சம் சரிந்தபடி படமாகியிருந்தது. கௌரி தன் இலக்கத்தைச் சொன்னார். சொல்லும்போது அந்தக் கணீர்க் குரல் கொஞ்சம் ஆடியது. அவருடைய கை தடியை இறுக்கிப் பிடித்திருந்தது. நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, விரலைத் திரையில் வைத்துக் கீழே கீழே இறக்கினேன்.

இலக்கம் இருந்தது. அதற்கு நேரே விரலைக் கொண்டுபோனேன். வரி மாறிவிட்டேனோ என்று திரும்பவும் முதலிலிருந்து கொண்டுபோனேன். பத்மா மிஸ்ஸும் குனிந்து பார்த்தார். தலையை ஆட்டினார்.

"சித்தி" என்றேன்.

என் வாயிலிருந்து அவ்வளவு மெல்லிய ஒரு சத்தம் அதற்கு முன் வந்ததில்லை.

கௌரி முகத்தை என் பக்கம் சாய்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்.

"அண்ணை, ஒருதரம் சொன்னால் எனக்கு ஏறாதெண்டு உங்களுக்குத் தெரியுமெல்லே?"

அதோடு எனக்குள் ஏதோ உடைத்துக்கொண்டு வந்தது. முழங்காலாவது மண்ணாவது! நான் பக்கத்தில் சனம் இருக்கிற மர வாங்கைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தேன். நெஞ்சு முட்ட மூச்சை இழுத்தேன்.

"சித்தி! சித்தி! சித்தி! சுன்னாகம் கௌரி, வரலாறு, சித்தி! கேக்கிறவை கேளுங்கோ! சித்தி! சித்தி! பட்டதாரி! பட்டதாரி!"

மண்டபம் முழுக்க நிமிர்ந்தது. பேப்பர்கள் இறங்கின. எல்லா முகமும் என் பக்கம். சந்தையில்கூட எனக்கு இவ்வளவு முகம் ஒன்றாகக் கிடைத்ததில்லை.

"ஒருதரம்!"

கௌரி சிரிக்கத் தொடங்கினார். சிரிப்போடு கண்ணீரும் ஓடியது. துடைக்கவும் இல்லை.

"ரெண்டுதரம்!"

அங்கே நின்றுவிட்டது. கூறிக் கூறித் தேய்ந்த இந்தத் தொண்டை, அன்றைக்கு அடைத்துக்கொண்டது. வாயைத் திறக்கிறேன், ஒன்றும் வரவில்லை. முழு மண்டபமும் மற்றத் தரத்துக்குக் காத்துக்கொண்டு நிற்கிறது.

டொக்!

திரும்பினேன். பத்மா மிஸ் நின்றார். கையில் திகதி முத்திரை. மேசையில் இருந்த வெறுந்தாளில் அன்றைய திகதி மை காயாமல் கிடந்தது.

"மூண்டுதரம்!" என்று கத்தினார் பத்மா மிஸ். அந்தக் குரல் வெளி வேம்பு வரைக்கும் போயிருக்கும்.

மண்டபம் கைதட்டலில் அதிர்ந்தது. கௌரி சத்தம் வந்த திசைக்கு முகத்தைத் திருப்பி, ஒரு விரலை உதட்டில் வைத்தார்.

"உஷ், மிஸ்! இது நூலகம்."